இரண்டு கட்டில், இரண்டு கிருமி, ஒரே எதிர்ப்பு: சேலத்தில் யாராவது பிளாஸ்மிட் வரிசையைப் பார்க்கிறார்களா?

அம்மாபேட்டை மகள் (தொடக்கப் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை நோய் உண்டு. போன மாதம் சிறுநீர்த் தொற்று முற்றி, காய்ச்சலும் குளிருமாகச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 நாள் படுத்திருந்தார். கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் ஈ.கோலை. கீழே 16 மருந்துகள். அவற்றில் 12-க்கு நேராக ‘ஆர்’, அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. மற்ற மருந்துகள் கேட்காதபோது கொடுக்கும் வலுவான மருந்தான மீரோபெனத்துக்கும் ‘ஆர்’தான். கடைசியில் ஃபாஸ்ஃபோமைசின் கேட்டது. இப்போது வீட்டுக்குள் நடமாடுகிறார், சோறு இறங்குகிறது.

பக்கத்துக் கட்டிலில் வாழப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அறுவைக் காயத்தில் சீழ். அவருடைய மருமகள் வராந்தாவில் ரிப்போர்ட்டை என்னிடம் காட்டினார். அதில் கிளெப்சியெல்லா என்று இருந்தது. இரண்டு தாளையும் சுவரில் அழுத்திப் பிடித்து வரிவரியாகப் பார்த்தேன். ஒரே ஒரு மருந்தைத் தவிர மற்றதெல்லாம் அச்சுப்போல ஒன்றாக இருந்தன.

அங்கிருந்த மருத்துவரிடம் கேட்டேன். “கிருமி வேறு வேறு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை” என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. கிருமி வேறு என்றால் எதிர்ப்பு மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? பிளாஸ்மிட் என்று ஒரு சொல்லைப் படித்தேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்ச்சர் தட்டு

அம்மா நலமாக வீடு திரும்பியது நிறைவு. நான் 22 ஆண்டாக நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் வராந்தாவில் நின்று கேட்ட கேள்வியை 1950-களில் ஜப்பான் மருத்துவர்கள் கேட்டார்கள். அங்கே சீதபேதி பரவியது. சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்குக்கும் ஒரே நேரத்தில் அடங்காத ஷிகெல்லா கிருமிகள் கிடைத்தன. நான்கு மருந்துக்கும் தனித்தனியாக மரபு மாற்றம் ஏற்பட்டு அவை ஒரே கிருமியில் வந்து சேர்வது மிக அரிது. அதே நோயாளிகளின் குடலிலிருந்த ஈ.கோலையும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்தது. 1959-ல் ஓச்சியாய், அகிபா ஆகியோரின் குழுக்கள் இரண்டு கிருமிகளையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்து, எதிர்ப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்று காட்டின. 1963-ல் வாட்டனாபே ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய பிறகுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது.

அப்படிக் கைமாறுவதுதான் பிளாஸ்மிட். பாக்டீரியாவுக்கு மரபுச் செய்தியைச் சுமக்கும் முதன்மையான டி.என்.ஏ, அதாவது குரோமோசோம், ஒன்று உண்டு, ஈ.கோலையில் அது ஏறத்தாழ 46 லட்சம் எழுத்து (டி.என்.ஏ-வின் அடிப்படை அலகு) நீளம். அதற்கு வெளியே தனியாக, பெரும்பாலும் வளையமாக, சில ஆயிரம் முதல் சில லட்சம் எழுத்து வரை நீளமுள்ள டி.என்.ஏ இருக்கும். இந்தப் பெயரை 1952-ல் லெடர்பர்க் வைத்தார். சில பிளாஸ்மிட்டுகள் தம்மைத் தாமே நகலெடுத்து, ஒரு கிருமி இன்னொன்றின் மீது நீட்டும் மெல்லிய குழாய் இழை வழியாக அடுத்த கிருமிக்குப் போகும். வாங்கிக்கொள்ளும் கிருமி அதே இனமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. “கிருமி வேறு” என்பது உண்மை. “தொடர்பில்லை” என்பது அதிலிருந்து கிடைக்கும் முடிவு அல்ல.

ஆனால் அவசரப்படாதீர்கள். உங்கள் இரண்டு தாள்களில் ஆம்பிசிலின் ஒற்றுமையை அடித்துவிடுங்கள். கிளெப்சியெல்லாவுக்கு அந்த எதிர்ப்பு பிறவியிலேயே குரோமோசோமில் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசினையும் ஓரமாக வையுங்கள். அந்த எதிர்ப்பு பெரும்பாலும் குரோமோசோமில் நேரும் மாற்றத்தால் வருவது, அது இழை வழியாக நடந்து வருவதில்லை. மீதியில் கவலை தருவது மீரோபெனம். அதை, மீரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தரும் என்.டி.எம் வகை மரபணு செய்திருக்கலாம், வேறு ஒன்றும் செய்திருக்கலாம். இரண்டு பேருக்கும் வந்தது ஒரே பிளாஸ்மிட்டா என்பதை ‘ஆர்’ எழுத்துகளை எண்ணித் தீர்மானிக்க முடியாது. டி.என்.ஏ-வின் எழுத்து வரிசையைப் படித்தால்தான் தெரியும்.

அம்மாபேட்டை மகள்

நன்றி அக்கா. அடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் பெரும்பாலான மருந்துகள் ஒத்துப்போகின்றன.

மருந்துக்கடை அஸ்தம்பட்டி

என் தரப்பையும் சொல்கிறேன். 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. அதில் உள்ள மருந்தை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நான் எழுதுகிறேன். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் “ஜுரத்துக்கு இரண்டு மாத்திரை கொடுங்கள், அந்தச் சிவப்பு அட்டை” என்று வந்து நிற்கிறார்கள் தெரியுமா? அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பதே சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்பதற்காக. அதையே அடையாளமாகச் சொல்லிக் கேட்கிறார்கள். முடியாது என்றால் அடுத்த தெருவுக்குப் போகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

கருப்பூர் மாணவன்

நான் உயிர்த்தகவலியல், அதாவது கணினி கொண்டு மரபணுத் தரவை ஆராய்வது, படிக்கிறேன். பொதுத் தரவுத்தளத்திலிருந்து ஒரு கிளெப்சியெல்லாவின் வரிசைத் தரவை எடுத்துப் பயிற்சி செய்கிறேன். பிளாஸ்மிட் எங்கே என்று தேடியபோது தலை சுற்றிவிட்டது. கருவி படித்துக் கொடுப்பது 150 எழுத்து நீளமுள்ள லட்சக்கணக்கான துணுக்குகள். ஒன்றின் முனை இன்னொன்றின் முனையோடு பொருந்துகிறதா என்று பார்த்து மென்பொருள் அவற்றைக் கோக்கிறது. குரோமோசோமில் பெரும்பகுதி கோத்துவிட்டது. எதிர்ப்பு மரபணுக்கள் இருக்கும் இடத்தில் மட்டும் அறுந்து அறுந்து போகிறது. என்.டி.எம் மரபணு மூவாயிரம் எழுத்து நீளமுள்ள தனித் துண்டாக, எதனோடும் ஒட்டாமல் மிதக்கிறது. அது குரோமோசோமில் இருக்கிறதா, பிளாஸ்மிட்டில் இருக்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. நான் செய்ததில் பிழையா அக்கா?

கல்ச்சர் தட்டு

பிழை இல்லை தம்பி. அந்த இடத்தின் இயல்பு அது. எதிர்ப்பு மரபணுக்களைச் சுற்றித் தாவும் துண்டுகள், அதாவது டி.என்.ஏ-வில் இடம் விட்டு இடம் போகக்கூடிய துண்டுகள், குவிந்து கிடக்கும். ஐ.எஸ்.26 என்ற ஒன்றை எடுத்துக்கொள். 820 எழுத்து நீளம். ஒரே பிளாஸ்மிட்டில் அது ஐந்தாறு இடத்தில் இருக்கலாம். உன் துணுக்கு 150 எழுத்துதான். 820-க்குள் விழுந்த துணுக்கு எந்த ஐ.எஸ்.26-லிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். நிற்பதுதான் நேர்மை, ஊகித்து ஒட்டுவதைவிட மேல்.

செவ்வாய்பேட்டை வெள்ளிப்பட்டறை

குறுக்கே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு உயிரியல் தெரியாது. என் மாமியார் அந்த வார்டில் இருந்து மீண்டவர் என்பதால் இந்த இழையைப் படித்துவருகிறேன். நீங்கள் சொல்வது கொலுசுக் கணக்கு மாதிரி இருக்கிறது. ஒரு கொலுசில் ஒரே மாதிரிக் கண்ணி இருபது இருக்கும், நடுநடுவே பூ, மாங்காய், மணி என்று வேறு வேலைப்பாடு வரும். கொலுசைக் கண்ணி கண்ணியாக நறுக்கிக் கையில் கொடுத்தால் எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்த மாங்காய் இருந்தது என்று என்னாலும் சொல்ல முடியாது. முழம் முழமாக நறுக்கினால் சொல்லிவிடுவேன். அப்படி நீளமாகப் படிக்கும் கருவி கிடையாதா?

கல்ச்சர் தட்டு

ஐயா, நான் வகுப்பெடுத்தால்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட கருவி இருக்கிறது. நானோபோர் என்ற முறையில், சவ்வில் பதித்த மிக நுண்ணிய புரதத் துளை வழியாக டி.என்.ஏ இழையை இழுக்கிறார்கள். எழுத்துகள் கடக்கக் கடக்கத் துளையில் பாயும் மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கலாம். லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. சிறிய கருவி உள்ளங்கைக்குள் அடங்கும், மடிக்கணினியில் செருகினால் போதும். பாக்பயோ என்பது நீளமாகப் படிக்கும் இன்னொரு முறை.

20,000 எழுத்து நீளமுள்ள துண்டு 820 எழுத்துச் சிக்கலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தாண்டிவிடும். இரண்டு முனையும் ஒன்றோடொன்று பொருந்தி வளையம் மூடினால், இதுதான் முழு பிளாஸ்மிட், இன்ன மரபணு இன்னதன் பக்கத்தில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். தம்பி, உன் மிதக்கும் துண்டு அப்போது கரை சேரும்.

இரண்டு எச்சரிக்கை. நானோபோர் நீளமாகப் படித்தாலும், ஒரே எழுத்து ஆறேழு முறை தொடர்ந்து வரும் இடத்தில் எண்ணிக்கையைத் தவறவிடும். புதிய வகைத் துளைகளில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. குறுந்துணுக்குத் தரவையும் சேர்த்துத் திருத்துவது இன்றைக்கும் நல்ல பழக்கம். இரண்டாவது, நெடுந்துண்டு முறையில், கருவி படிப்பதற்காக டி.என்.ஏ முனையில் இணைப்பான் என்ற சிறு துண்டை ஒட்ட வேண்டும். மூவாயிரம், நாலாயிரம் எழுத்து நீளமுள்ள குட்டி பிளாஸ்மிட்டுகள் வளையம் உடையாமலே இருந்தால் அவற்றுக்கு முனையே இல்லை. அவை தரவிலேயே வராமல் போகலாம். குறுந்துணுக்கில் அவை தெரியும். ஒன்றை மட்டும் நம்பி “இல்லை” என்று எழுதிவிடக்கூடாது.

செவ்வாய்பேட்டை வெள்ளிப்பட்டறை

நாங்கள் கொலுசைப் பிரிப்பதற்கு முன்னால் முழுசாக எடை போட்டுக் குறித்துக்கொள்வோம். திரும்பக் கோத்த பிறகு எடை இடித்தால் எங்கோ கண்ணி விட்டுப்போயிற்று என்று அர்த்தம். உங்களுக்கு அப்படி ஏதாவது உண்டா?

கல்ச்சர் தட்டு

உண்டு. பிளாஸ்மிட்டுகளைக் கூழ் போன்ற ஒரு பலகையில் மின்சாரம் செலுத்தி ஓடவிட்டால், நீளத்துக்கு ஏற்றபடி பிரிந்து நிற்கும். எத்தனை பிளாஸ்மிட், ஒவ்வொன்றும் தோராயமாக எவ்வளவு நீளம் என்று வரிசை படிக்காமலே தெரிந்துவிடும். பிறகு மென்பொருள் ஒரு லட்சம் எழுத்து வளையம் என்று சொல்ல, கூழில் அந்த நீளத்தில் கோடே இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். பழைய முறை என்று பலர் விட்டுவிட்டார்கள். எடை பார்க்காமல் நகை வாங்குவோமா?

நாமக்கல் முட்டைப்பண்ணை

அடுத்து யார் பெயர் வரும் என்று தெரியும், அதனால் நானே வந்துவிட்டேன். எங்கே எதிர்ப்பு என்று பேச்சு எழுந்தாலும் கோழிப்பண்ணை என்று கை நீட்டுகிறார்கள். தீவனத்தில் கலக்கும் சத்துப்பொடி என்று, மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான கொலிஸ்டின் கலந்த பொட்டலங்கள் ஒரு காலத்தில் எங்களிடம் விற்கப்பட்டது உண்மை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. அதன்பின் என் பண்ணைக்குள் அது வரவில்லை. மருத்துவமனைக் கழிவு எங்கே போகிறது என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

நாகலூர் காப்பி

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே மலைமேல் காற்றும் தண்ணீரும் சுத்தம் என்று எல்லோரும் நம்புகிறோம். ஆனால் நாமக்கல் பக்கத்துக் கோழி எரு லாரி லாரியாக 20 கொண்டை ஊசி வளைவு ஏறி எங்கள் காப்பிக்கும் மிளகுக்கும் வருகிறது. மழையில் அது ஓடையில் இறங்குகிறது. திருமணிமுத்தாறு இந்த மலைத்தொடரில் பிறந்து, சேலம் நகரச் சாக்கடையை வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டம் போய்க் காவிரியில் கலக்கிறது. எரு மேலே வருகிறது, தண்ணீர் கீழே போகிறது. இதில் யார் யாருக்குக் கொடுத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

கல்ச்சர் தட்டு

பண்ணைக்கார ஐயாவின் கோபம் நியாயமானது. மருத்துவமனையைப் பற்றிய கேள்வியும் நியாயமானது. 2010-ல் என்.டி.எம்-1 பற்றிய பெரிய ஆய்வு வெளியானபோது அதில் சென்னை மாதிரிகள் மட்டும் 44. அவை நோயாளிகளிடமிருந்து எடுத்தவை. மறு ஆண்டு டெல்லியில் நீரைச் சோதித்தார்கள். தெருவில் தேங்கிய, வழிந்த நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-ல் 2-லும் அந்த மரபணு இருந்தது. கொலிஸ்டினுக்கோ 2015-ல் சீனாவில் எதிர்ப்புத் தரும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு பிளாஸ்மிட்டில் இருப்பதைக் கண்டார்கள். முதலில் கிடைத்தது பன்றியிடமிருந்து எடுத்த ஈ.கோலையில், பிறகு நோயாளிகளிடமும் கிடைத்தது. ஆக, இரண்டு பக்கமும் கதவு திறந்துதான் கிடக்கிறது. சேலத்தில் எந்தக் கதவு என்று ஊகத்தில் சொல்வது அநியாயம்.

வரிசை இங்கே சாட்சி சொல்லும், ஆனால் பேராசைப்படக்கூடாது. பண்ணையிலும் வார்டிலும் அதே என்.டி.எம் மரபணு என்றால் அது பலவீனமான சாட்சி. அந்த மரபணு ஊரெங்கும் உண்டு. அதே மரபணு, அக்கம்பக்கத்தில் அதே தாவும் துண்டுகள், பிளாஸ்மிட்டின் அடிப்படைப் பகுதியான முதுகெலும்பிலும் அதே வரிசை, வளையம் முழுக்க ஓரிரு எழுத்து வேறுபாடுதான் என்றால் சாட்சி வலுக்கிறது. அப்போதும் திசை தெரியாது. பண்ணையிலிருந்து வார்டுக்கா, வார்டிலிருந்து ஆற்றுக்கா, இரண்டுக்கும் மூன்றாவது இடத்திலிருந்தா? தேதி போட்ட மாதிரிகள் பல வேண்டும். அதோடு மரபணு ஒரு பிளாஸ்மிட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருந்தால் வளையம் வேறாகவும் சரக்கு ஒன்றாகவும் இருக்கும்.

அமெரிக்காவில் பெத்தெஸ்டா என்ற ஊரில் இருக்கும் தேசிய சுகாதார நிலையத்தின் மருத்துவமனையில் 2011-ல் கிளெப்சியெல்லா 18 பேருக்குப் பரவியது. பின்னர் அங்கே கிடைத்த கிருமிகளின் பிளாஸ்மிட்டுகளை நெடுந்துண்டு முறையில் முழு வளையமாகப் படித்து 2014-ல் வெளியிட்டார்கள். மருத்துவமனைச் சூழலுக்குள்ளேயே பிளாஸ்மிட் ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குப் போனதற்கான தடயம் அதில் கிடைத்தது. அம்மாபேட்டை மகள் கேட்டது அதே கேள்விதான்.

நாமக்கல் முட்டைப்பண்ணை

அம்மா, நியாயமாகப் பேசினீர்கள். என் பண்ணைக் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் இருந்தால் தெரியட்டும், இல்லையென்றால் அதுவும் தெரியட்டும். ஆனால் மருத்துவமனைக் கழிவுநீரும் அதே தட்டில் இருக்க வேண்டும்.

நாகலூர் காப்பி

எங்கள் ஓடைத் தண்ணீரையும். எருவை இனி ஆறப்போட்டு மக்கவைத்துத்தான் இடுவேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஆய்வு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கருப்பூர் மாணவன்

ஒன்று கேட்கிறேன். ஆன்டிபயாடிக் வந்ததால்தான் பிளாஸ்மிட் வந்ததா? நிறுத்திவிட்டால் போய்விடுமா?

கல்ச்சர் தட்டு

இந்தக் கேள்விக்கு எனக்கு மிகப் பிடித்த பதில் ஒன்று உண்டு. மர்ரி என்ற மருத்துவர் 1917 முதல் 1954 வரை பல நாடுகளிலிருந்து குடல் கிருமிகளைச் சேர்த்து மூடிய குப்பிகளில் வைத்தார். அவற்றில் பெரும்பாலானவை ஆன்டிபயாடிக் புழக்கத்துக்கு வருவதற்கு முன் எடுத்தவை. பல ஆண்டுக்குப் பிறகு ஹியூஸ், நவோமி தத்தா இருவரும் குப்பிகளைத் திறந்து, நூற்றுக்கணக்கான கிருமிகளை உயிர்ப்பித்துச் சோதித்து 1983-ல் எழுதினார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் கிருமிகளில் கைமாறும் பிளாஸ்மிட் இருந்தது. இன்றைக்கு எதிர்ப்பைச் சுமக்கும் அதே குடும்பங்கள்தான். ஆனால் எதிர்ப்பு மரபணு அநேகமாக இல்லை. வண்டி பழையது, சரக்கை ஏற்றியது நம் காலம்.

நிறுத்தினால் போகுமா என்றால், சுமக்கும் செலவு காரணமாகச் சில பிளாஸ்மிட்டுகள் மெல்ல உதிரும். ஆனால் பலவற்றில் நஞ்சும் மாற்றுமருந்தும் இணையாக இருக்கின்றன. பிளாஸ்மிட்டை இழந்த கிருமிக்குள் நஞ்சு நீடிக்கும், மாற்றுமருந்து சீக்கிரம் சிதைந்துவிடும். கிருமி செத்துவிடும் அல்லது வளர்ச்சி நிற்கும். அதனால் தானாகப் போய்விடும் என்று காத்திருக்க முடியாது.

அம்மாபேட்டை மகள்

இன்று காலை மருத்துவமனைக்குப் போய்வந்தேன். அம்மாவின் கிருமியையும் அந்தப் பெரியவரின் கிருமியையும் வரிசை பார்க்கக் கொடுக்க முடியுமா, செலவை நானே தருகிறேன் என்று கேட்டேன். ஆய்வக உதவியாளர் மரியாதையாகத்தான் பேசினார். ரிப்போர்ட் கொடுத்த சில நாளில் கிருமி வளர்த்த தட்டுகளை அழுத்த அவியனில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவி) போட்டு அழித்துவிடுவார்களாம். இரண்டு கிருமியும் இல்லை. வாழப்பாடிப் பெரியவர் போன வாரம் இறந்துவிட்டார் என்றும் அங்கேதான் தெரிந்தது. அந்த மருமகளிடம் இன்னும் பேசவில்லை. அவரிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

செவ்வாய்பேட்டை வெள்ளிப்பட்டறை

நெஞ்சு கனக்கிறது அம்மா.

மருந்துக்கடை அஸ்தம்பட்டி

மூன்று ஆண்டு நான் பதிவேடு வைக்க வேண்டும். கிருமிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

கல்ச்சர் தட்டு

நேற்றே மர்ரியின் குப்பிகளைப் பற்றி எழுதினேன். எழுதிய எனக்கே என் ஆய்வுக்கூடத்தின் வழக்கம் உறைக்கவில்லை. நாங்களும் அப்படித்தான் அழிக்கிறோம். பாதுகாப்பு விதி அது, அழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு வளையக் கம்பி நிறைய எடுத்து, கிளிசரால் கலந்த திரவத்தில் கரைத்து, குப்பியில் அடைத்து உறைபெட்டியில் வைக்கலாம். மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். வரிசையை அடுத்த ஆண்டு படிக்கலாம், பணம் வந்தபின் படிக்கலாம். கிருமி இல்லையென்றால் எவ்வளவு பணம் இருந்தும் பயனில்லை. தாமதிக்கவும் கூடாது. மருந்தில்லாத தட்டில் மறுபடி மறுபடி மாற்றி வளர்த்தால் நாம் தேடும் பிளாஸ்மிட்டே உதிர்ந்துவிடலாம். முதல் தட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

எங்கள் உறைபெட்டியில் இரண்டு அடுக்கு இடம் இருக்கிறது. இன்று மாலை எங்கள் தலைமை மருத்துவரிடம் பேசினேன். மீரோபெனத்துக்கு அடங்காத ஒவ்வொரு கிருமியையும் திங்கள்கிழமை முதல் சேமிக்கச் சம்மதித்தார். நோயாளியின் பெயர் குப்பியில் இருக்காது. தேதி, மாதிரி வகை, வார்டு மட்டும். வெளியே வரிசைக்கு அனுப்புவதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அந்த விண்ணப்பத்தை நான் எழுதுகிறேன். தம்பி, பகுப்பாய்வுப் பகுதியை நீ எழுதித் தர முடியுமா? பண்ணை ஐயா, ஓடை ஐயா, உங்கள் மாதிரிகளை எப்படி எடுப்பது, எந்தப் பெட்டியில் அனுப்புவது என்பதைத் தனிச்செய்தியில் சொல்கிறேன். நீங்களாகக் கை வைத்து எடுக்க வேண்டாம்.

கருப்பூர் மாணவன்

இன்றிரவே தொடங்குகிறேன் அக்கா.

அம்மாபேட்டை மகள்

அம்மாவுக்கு வியாழக்கிழமை மறுபரிசோதனை. சிறுநீர் மாதிரியை உங்கள் கூடத்துக்கே கொண்டுவருகிறேன். கிருமி வளராமல் இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். வளர்ந்தால் எறிந்துவிடாதீர்கள்.

கல்ச்சர் தட்டு

காலை எட்டு மணிக்குள் கொண்டுவாருங்கள். குப்பியில் எண் எழுதி வைத்திருக்கிறேன்.